ஆண்டை வீட்டு நோட்டு

"தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னால தேதி போட்டு நாலு வரி எழுதுங்க" என்று மூணு மாசத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் சொன்னேன். முன்வரிசையில் இருந்த கவிஞர் சிரித்தார். "டைரி எழுதுறது அய்யருங்க பழக்கம் தோழர். காலையில காபி குடிச்சேன், சாயங்காலம் கோயிலுக்குப் போனேன்னு எழுத அவங்களுக்கு நேரம் இருக்கு. நமக்கு எதுக்கு? நம்மளது வாய்மொழி மரபு" என்றார். கைதட்டு விழுந்தது. ஒரு மாணவர் எழுந்து, டைரி என்பது தனிமனித அகத்தைக் கட்டமைக்கும் முதலாளித்துவ வடிவம், தலித் வாழ்வோ கூட்டு வாழ்வு, ஆகவே அது நமக்கு அந்நியம் என்று விளக்கினார். அதுக்கும் கைதட்டு. மூணாவதாக ஒரு அம்மா. பக்கத்து ஊரில் சத்துணவு ஆயா வேலை பார்க்கிறவர். "நாலு வரி எழுதுறதுக்குள்ள கண்ணு சொக்கிடுதே சார்" என்றார்.

இந்த மூணு பேரில் அந்த அம்மா கேட்டதுதான் கேள்வி. மத்த ரெண்டும் சண்டைக்கானவை. முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன்.

வாய்மொழி மரபு பேசுகிற கவிஞர் தன் கவிதைக்குக் கீழே எழுதிய தேதியும் ஊரும் போட மறந்ததே இல்லை. எந்தப் பத்திரிகையில் எந்த மாசம் வந்தது என்று வெட்டி ஒட்டிய நோட்டு அவர் வீட்டில் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அவர் கவிதைக்குத் தேதி வேண்டும், அவர் அம்மா வாங்கின கூலிக்குத் தேதி வேண்டாம். இதைத்தான் அவர் மரபு என்கிறார்.

எழுத்து வேண்டாம் என்று எழுதத் தெரிந்தவன்தான் சொல்கிறான். எங்க நயினா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நயினா பண்ணையாள். தென்னார்க்காட்டில் ஒரு ஊர், பேர் வேண்டாம். 1979ல் எங்க ஆயா செத்தபோது காரியத்துக்காக ஆண்டையிடம் நானூறு ரூபாயும் ஒரு மூட்டை நெல்லும் வாங்கினார். அதைக் கழிக்க அஞ்சு வருஷம் உழைத்தார். ஏர் ஓட்டினார், ஏத்தம் இறைத்தார், அறுப்புக் காலத்தில் களத்திலேயே படுத்தார். அம்மா மாட்டுக்கொட்டாய் கூட்டினாள், அதுக்குத் தனியாகக் கூலி கிடையாது. 1984ல் சங்கத்துத் தோழர் ஒருத்தர் மனு எழுதிக் கொடுத்து, தாலுக்கா ஆபீசில் விசாரணை வந்தது. நான் அப்போ பதினோராம் வகுப்பு. நயினா கூட நானும் போனேன்.

ஆண்டை ஒரு நோட்டோடு வந்தார். சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. பிரித்தால் வரிசையாகத் தேதி. ஒவ்வொரு தேதிக்கும் எதிரில் எங்க நயினா பேர், அதுக்கு நேரே ஒரு வார்த்தை. பல இடத்தில் "ஆள் வரவில்லை". நெல் இவ்வளவு, ரொக்கம் இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போய் கடைசியில் கடன் ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம் நின்றது.

எழுத்தர் கேட்டார்: "நீ வேலைக்கு வந்ததா சொல்ற நாளெல்லாம் எது எதுன்னு தேதி சொல்லு."

நயினா சொன்னார்: "செவல மாடு கன்னு போட்டுச்சே, அதுக்கு மறுநா ஏர் ஓட்னேன். தீபத்துக்கு முந்தின நா கரும்புக்குத் தண்ணி கட்னேன். பெரிய மழ பேஞ்சுதே, அந்த வாரம் பூரா வரப்பு போட்டேன் சாமி."

ஆபீசே சிரித்தது. அவர்கள் சிரித்தது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அவங்க சிரிக்கிறாங்களே என்று நயினாவும் கூடச் சிரித்தார், அதுதான் வலித்தது.

நயினா சொன்னதில் ஒரு நாள்கூடப் பொய் கிடையாது. மாடு எப்போ கன்னு போட்டது என்று ஆண்டைக்கும் தெரியும், அது அவர் மாடுதான். ஆனால் நோட்டு பேசியது, நயினா பேச்சு பேச்சாக நின்னுபோச்சு. வாய்மொழி மரபு அன்றைக்கு எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது இன்னும் ரெண்டு வருஷப் பண்ணை வேலை.

பின்னால்தான் ரெண்டு விஷயம் தெரிந்தது. 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் 15வது பிரிவு இருக்கிறது. கொத்தடிமைக் கடன் என்று உழைப்பாளி சொல்லிவிட்டால், அப்படி இல்லை என்று நிரூபிக்கிற பாரம் கடன் கொடுத்தவன் தலையில். நயினா ஒரு தேதிகூடச் சொல்லியிருக்க வேண்டாம்! இரண்டாவது, அன்றைக்கு அமலில் இருந்த இந்திய சாட்சியச் சட்டம் 34வது பிரிவு. தொழில் நடத்துகிறவன் ஒழுங்காக எழுதி வந்த கணக்குப் புத்தகத்தைச் சாட்சியமாகப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருத்தன் மேல் பொறுப்பு சுமத்த முடியாது என்கிறது. சட்டம் அந்தச் சிவப்பு நோட்டை அவ்வளவு நம்பவில்லை. நம்பியது தாலுக்கா ஆபீஸ். ஏன் நம்பியது? எதிரில் இன்னொரு நோட்டு இல்லை. ஒரு நோட்டு மட்டும் இருக்கிற இடத்தில் அதுதான் உண்மை.

டைரி அய்யர் பழக்கமாம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். 1861ஆம் வருஷப் போலீஸ் சட்டம் 44வது பிரிவிலேயே, ஒவ்வொரு நிலையத்திலும் தினசரி டைரி எழுதணும் என்று இருக்கிறது. யார் புகார் கொடுத்தான், யாரைப் பிடித்தார்கள், என்ன ஆயுதம் எடுத்தார்கள், சாட்சி யார். வெள்ளைக்காரன் கிளம்பிப்போயும் அந்த எழுத்து நிற்கவில்லை. நம்ம தெருவுக்குள் வேன் நுழைந்தால் அது ஒரு டைரியில் ஏறும். என்னவென்று ஏறும்? "சேரி ஆட்கள் கூட்டமாகக் கூடி" என்று ஏறும். அந்த நாளைப் பத்தி இருக்கிற ஒரே எழுத்து அதுதான் என்றால், இருபது வருஷம் கழித்து ஆராய்ச்சி பண்ண வருகிற நம்ம பிள்ளையும் அதைத்தான் படிப்பான்.

கர்ணத்தை எடுங்கள். 1891ல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். அது போன தடத்தில் அடுத்த வருஷம் பஞ்சமி நிலத்துக்கு அரசாணை வந்தது. ஒரு எழுத்தால் வந்த நிலம். ஆனால் ஊர்க்கணக்கு யார் கையில் இருந்தது? 1980ல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழிக்கிற வரைக்கும் கர்ணம் வீட்டுத் திண்ணையில்தான் அடங்கலும் பசலியும் இருந்தன. எழுத்தால் வந்த நிலம் எழுத்தாலேயே போச்சு. நம்ம வீட்டில், இந்த வருஷம் இந்தக் காலில் நாங்கதான் உழுதோம் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

இன்னும் பின்னால் போனால் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் துய்ப்ளேக்குத் துபாஷ். 1736லிருந்து 1761ல் சாகிற வரைக்கும் எழுதியிருக்கிறார். கப்பல் வந்தது, சரக்கு வித்தது, துரை முகம் சுளித்தது எல்லாம். தமிழில் டைரி என்றால் எல்லாரும் அவரிடம் போய் நிற்கிறார்கள். நான் அந்தப் புத்தகத்தில் தேடியது நம்ம சனங்களை. இருக்கிறார்கள். 1745ல் புதுச்சேரி மாதா கோயிலுக்குள் பறக் கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், நம்மவர்கள் பாதிரியிடம் போய் நாங்களும் கிறிஸ்தவங்கதானே என்று நியாயம் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும், அதுக்காகச் சாதிக்காரர்கள் கொதித்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். எவ்வளவு பெரிய காரியம்! கிட்டத்தட்ட 280 வருஷத்துக்கு முன்னால் நம்ம ஆட்கள் சுவரை இடிக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சேதி நமக்குக் கிடைப்பது ஒரு துபாஷின் தயவில், அவர் பார்த்த கோணத்தில். பாதிரி முன்னால் முதலில் வாயைத் திறந்தது யார்? முந்தின நாள் ராத்திரி எங்கே கூடிப் பேசினார்கள்? யார் பயந்து வராமல் இருந்தான்? அதை எழுத சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கை இல்லை.

நம்ம தலைவர்களுக்கும் நேரம் வாய்க்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893ல் 'பறையன்' பத்திரிகை தொடங்கியவர், வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். 1939ல் அவர் வெளியிட்ட ஜீவிய சரித்திரத்துக்கு அவரே "சுருக்கம்" என்றுதான் பேர் வைத்தார். அந்தச் சின்னப் புத்தகத்தைப் படிக்கும்போதெல்லாம், லண்டனில் அவர் தங்கியிருந்த ஒவ்வொரு ராத்திரியும் நாலு வரி எழுதியிருந்தால் என்று தோணும். அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கு ஆத்தாமை.

1992ல் 'கருக்கு' வந்த பிறகு நம்ம பக்கம் தன்வரலாறு நிறைய வந்துவிட்டது, அது போதாதா என்று கேட்பார்கள். தன்வரலாறு ஞாபகத்தில் இருந்து எழுதுவது. ஞாபகம் பெரிய காயத்தை வைத்துக்கொள்ளும். முதுகில் விழுந்த அடி நாப்பது வருஷம் நிற்கும். சின்னது எல்லாம் ஓடிவிடும். அன்றைக்குக் கூலி எவ்வளவு, அரை நாள் வேலைக்கு எவ்வளவு பிடித்தான், டீக்கடையில் தேங்காய்ச் சிரட்டை போய் அலுமினிய டம்ளர் வந்தது எந்த வருஷம், அலுமினியம் போய் பிளாஸ்டிக் கப் வந்தது எப்போ, அந்தக் கப் எல்லாருக்குமா நமக்கு மட்டுமா. சாதி இந்தச் சின்னதில்தான் தினமும் குடித்தனம் பண்ணுகிறது. பெரிய அடியை எழுதினால் "அதெல்லாம் அந்தக் காலம்" என்று வாசகன் கண்ணைத் துடைத்துவிட்டுப் போய்விடுவான். தேதி போட்ட டம்ளரை அப்படித் தள்ள முடியாது.

அம்பேத்கர் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' படித்தவர்களுக்குத் தெரியும். அதில் தன் அனுபவங்களோடு ஒரு பள்ளி ஆசிரியரின் கடிதத்தையும் சேர்த்திருக்கிறார். கத்தியவார் பக்கத்து ஆள். 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா'வில் வந்த கடிதம். இந்த மாசம் அஞ்சாம் தேதி மனைவிக்குப் பிள்ளை பிறந்தது, ஏழாம் தேதி உடம்பு கெட்டது, டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்றார், இன்னார் ஜாமீன் நின்ற பிறகு ரெண்டு ரூபா பீசுக்கு வந்து, சேரிக்கு வெளியே கொண்டுவரச் சொன்னார், தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்து அவர் வாங்கித் தன் கையில் கொடுத்துத் தான் மனைவிக்கு வைத்தது, மத்தியானம் ரெண்டு மணிக்கு அவள் செத்தது. அவ்வளவுதான் அந்தக் கடிதம். பொண்டாட்டி செத்த வீட்டில் உட்கார்ந்து அந்த மனுஷன் தேதியையும் மணியையும் பீசையும் எழுதியிருக்கிறார். டாக்டரை அவர் திட்டத் தேவையே வரவில்லை. படிக்கிற நமக்கு நெஞ்சு அடைக்கிறது.

இப்போ என் நோட்டைப் பத்தி. பெருமைக்காகச் சொல்லவில்லை, அதில் பெருமைப்பட அதிகம் இல்லை.

தாலுக்கா ஆபீசில் இருந்து வந்த ராத்திரியே எழுத ஆரம்பித்தேன் என்று சொல்ல ஆசைதான். எழுதவில்லை. பல தடவை ஆரம்பித்து, பொங்கலைத் தாண்டாமல் விட்டிருக்கிறேன். 1991ல் தபால் வேலை கிடைத்த பிறகுதான் நிலைத்தது. தபால் ஆபீசில் காலையில் முதல் வேலை முத்திரையில் தேதி மாத்துவது. சாயங்காலம் தினக்கணக்கு எழுதாமல் பூட்ட முடியாது. ஒருநாள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். சர்க்காருக்கு எழுதிவிட்டுத்தானே வீட்டுக்குப் போறோம், எனக்கு எழுதாமல் ஏன் போறோம்? அன்றையிலிருந்து கணக்கை முடித்த பேனாவை மூடாமலே என் நோட்டில் நாலு வரி. பழக்கம் என்பது மனஉறுதி என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி வரவில்லை. ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையின் வாலில் கட்டித் தொங்கவிட்டேன், அது இழுத்துக்கொண்டு போனது.

1998 ஜூலை 31, ஆடி மூணாவது வெள்ளி. சாமி ஊர்வலத்தை வைத்துத் தகராறு. ராத்திரி ஊர்த்தெரு ஆட்கள் நம்ம தெருவில் புகுந்தார்கள். கூரை மூணு போச்சு, குழாயை உடைத்தார்கள், ரெண்டு பையன்களுக்கு மண்டை உடைந்தது. மறுநாள் காலையில் எழுதினேன். கடைசி பஸ் 8.40க்குத் திரும்பிப் போனது, அதுக்குப் பிறகு வந்தார்கள், நான் கண்ணால் பார்த்து அடையாளம் தெரிந்தவர்கள் ஒன்பது பேர், பேர் வரிசை. அதோடு இன்னொரு வரியும் எழுதினேன்: "நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பையன்கள் கத்தினது கேட்டது. போகவில்லை."

வழக்கு 2002ல் விசாரணைக்கு வந்தது. நாலு வருஷம் ஆச்சு, ஒன்பது பேர் பேரும் எட்டு நாப்பது மணியும் எப்படி ஞாபகம் இருக்கு என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். நம்ம வக்கீல் எழுந்து சாட்சியச் சட்டம் 159வது பிரிவைச் சொன்னார். சம்பவத்தின்போதோ, ஞாபகம் புதுசாக இருக்கும்போதோ சாட்சி தானே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2024 ஜூலை முதல் வந்திருக்கிற பாரதிய சாக்ஷிய அதிநியத்திலும் அது 162வது பிரிவாக இருக்கிறது, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆனால் எந்தக் குறிப்பைப் பார்க்கிறோமோ அதை எதிர்த்தரப்பும் வாங்கிப் பார்க்கலாம், குறுக்கு விசாரணை செய்யலாம். பார்த்தார்.

முதலில் அட்டையைப் பார்த்தார். டைரியில் அச்சடித்த வருஷம் 1987! யாரோ போட்டுவிட்ட பேங்க் டைரி, எழுதாமல் கிடந்தது. 1987க்கும் 1998க்கும் கிழமையெல்லாம் ஒத்துவரும், அதனால் காசு மிச்சம் என்று எடுத்து வைத்திருந்தேன். "1987 டைரியில் 1998 சம்பவம், யுவர் ஆனர், இது ஜோடனை" என்று குதித்தார். நீதிபதி காலண்டர் கொண்டுவரச் சொல்லி ரெண்டு வருஷத்தையும் ஒத்துப் பார்த்த அந்தப் பத்து நிமிஷம் என் உசுரு என்னிடம் இல்லை. (பழைய வருஷ டைரியில் எழுதாதீர்கள். இருபது ரூபா நோட்டுக்கு யோசித்து இப்படி ஒரு பத்து நிமிஷத்தை வாங்காதீர்கள்.)

அப்புறம் பக்கத்தைப் புரட்டிச் சத்தமாகப் படித்தார். முந்தின நாள்: "வெண்டைக்காய் அரைக் கிலோ மூணு ரூபா. அம்மாவுக்கு முட்டி வலி." கோர்ட் சிரித்தது. அடுத்த பக்கம், வைக்கோல் போர். அதை ரெண்டு தடவை படித்தார். மண்டை உடைந்த பையன்கள் ரெண்டு பேரும் பின்னால் பெஞ்சில் இருந்தார்கள். நாலு வருஷமாக அவர்களிடம் நான் அன்றைக்கு டவுனில் இருந்ததாகச் சொல்லி வைத்திருந்தேன்.

தீர்ப்பில் ஒன்பது பேரில் மூணு பேருக்குத் தண்டனை, அப்பீலில் அதுவும் குறைந்தது. பெரிய வெற்றி ஒண்ணும் இல்லை. ஆனால் என் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டதுக்கு நீதிபதி சொன்ன காரணம், ஜோடித்து எழுதுகிறவன் தனக்கே இழிவானதை எழுத மாட்டான் என்பது. பையன்களில் ஒருத்தன் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. அவன் பேசாததும் நியாயம்.

ஆகவே மாணவத் தோழரே, டைரி தனிமனித அகம் என்றீர்களே, என் அகம் கோர்ட்டில் கிடந்து நாறியது. அது நாறியதால்தான் மத்த ஒன்பது பேர் பேரும் நம்பப்பட்டது. கூட்டு வாழ்வுக்கு இதைவிட வேறு என்ன கணக்கு எழுத முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரவுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது முதல் வாரம் எல்லா நோட்டிலும் ஒரே வாசகம்: காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்குச் சென்றேன். பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டு பிடித்த பேய் அது. "துலக்கினேன்" என்று எந்தப் பிள்ளை வீட்டில் பேசுகிறது? பல்லு வெளக்கற தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு, அதை எழுது என்றேன். மறுநாள் ஒரு பொண்ணு எழுதி வந்தது: "பைப்புல நாலாவது ஆளா நின்னேன். ஊர்க்கார அம்மா வந்துச்சு. அஞ்சாவது ஆளா ஆனேன்." இலக்கியம் பண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அது பாட்டுக்கு வந்தது.

எழுதுகிற முறையில் எனக்குச் சில பிடிவாதம் உண்டு. தைத்த நோட்டு வேண்டும், உதிரித் தாள் கூடாது. பக்க எண்ணைத் தொடக்கத்திலேயே போட்டுவிடணும். பேனாவால் எழுதணும். தப்பானால் ஒரு கோடு போட்டு அடிக்கணும், கிழிக்கக் கூடாது. யார், எங்கே, எத்தனை மணி, எவ்வளவு காசு, வாயில் வந்த வார்த்தை எதுவோ அதே வார்த்தை. அவன் "டேய்" என்றால் "டேய்" என்றே எழுது, "அவமதித்தார்" என்று எழுதாதே. ஒருநாள் விட்டுப்போனால், மூணு நாள் கழித்து உட்கார்ந்து அந்த நாளையெல்லாம் சேர்த்து ரொப்பாதே. "எழுதல" என்று ஒரு வார்த்தை போட்டு இன்றைக்கு எழுது. இதில்தான் பாதிப்பேர் விடுகிறார்கள். ரெண்டு நாள் விட்டதும் வெட்கம் வந்து, போச்சுடா என்று நோட்டையே மூலையில் போடுகிறார்கள். ஆண்டை வீட்டு நோட்டிலும் விட்டுப்போன நாள் இருந்தது, அவர் வெட்கப்படவில்லை.

கைப்பேசியில் எழுதலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எழுதுங்கள், ஒண்ணும் இல்லாததுக்கு அது மேல். ஆனால் போன் உடையும், தொலையும், ஸ்டேஷனில் முதலில் பிடுங்குவது அதைத்தான். கோர்ட்டுக்குப் போனால் மின்னணுப் பதிவு என்று தனியாகச் சான்றிதழ் கேட்பான். இருபது ரூபா நோட்டுக்குச் சான்றிதழ் கிடையாது.

போலீஸ் எடுத்துவிட்டால் என்ன செய்ய என்பது நியாயமான பயம். இயக்கத்தில் இருக்கிறவர்கள் நோட்டாலேயே மாட்டியிருக்கிறார்கள். என் வழக்கம் இது: அவங்க நமக்குச் செய்ததை எழுதுவேன், நாம செய்யப் போவதை எழுத மாட்டேன். நம்ம ஆள் பேருக்கு முதல் எழுத்து, அவங்க பேருக்கு முழுப் பேர். நிறைந்த நோட்டு என் வீட்டில் இருக்காது. எங்கே இருக்கும் என்று இங்கே எழுதுவேனா?

வீட்டுக்குள் இருக்கிற போலீசைத்தான் நான் முதலில் யோசிக்காமல் விட்டேன். என் தங்கச்சி சொல்லித்தான் உறைத்தது. அவளும் எழுதினாள். குடிச்சிட்டு வந்த நாளெல்லாம் தேதி போட்டு எழுதி அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தாள். அவள் புருஷன் கண்டெடுத்து அடுப்பில் போட்டான். அவன் நம்ம இயக்கத்துக்காரன், மேடையில் சாவித்திரிபாய் பூலே பத்தி நன்றாகப் பேசுவான். "வீட்டு விஷயத்த எழுதி எவன்கிட்டக் காட்டப் போற" என்று கேட்டானாம். தாலுக்கா ஆபீசில் ஆண்டை அப்படிக் கேட்கவில்லை. எங்களிடம் நோட்டே இல்லாததால் கேட்கத் தேவை வரவில்லை. தங்கச்சி இப்போ பால் சங்க அட்டையில் எழுதுகிறாள். லிட்டர் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் அடி, ரெண்டு புள்ளி வைத்தால் பிள்ளைக்கும் அடி. அவன் அதைத் தினமும் பார்க்கிறான், படிக்கத் தெரியவில்லை.

கடைசியாக, கண்ணு சொக்குகிற சத்துணவு அம்மாவின் கேள்வி. அன்றைக்குக் கூட்டத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விடியக்காலையில் எழுந்து ரெண்டு அடுப்பு பார்க்கிற பொம்பளையிடம் ராத்திரி பத்து மணிக்கு எழுது என்று சொல்வது ஆம்பளைப் பேச்சு. அவங்களே வழி கண்டுபிடித்தார்கள். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போய், அண்டா ஊறுகிற நேரம் கால் மணி இருக்கிறதாம். அப்போ எழுதுகிறார்கள். போன வாரம் அந்த நாப்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். நாலாங்கிளாஸ் எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் ஒரு திசையைப் பார்த்து நிற்கிறது. முதல் பக்கத்தில்: "அரிசி அளந்தது. முட்டை ஆறு கொறஞ்சிது. 11.50 எங்க தெரு புள்ளைங்க தட்ட தனியா வைக்க சொன்னாங்க. நா வைக்கல. அப்பறம் வச்சேன்."

அடுத்த ரெண்டு நாள்: "எழுதல. புள்ளைக்கி ஜொரம்." அதுக்கடுத்த நாள்: "தட்டு தனி." அதுக்கும் அடுத்த நாள்: "தட்டு தனி." எண்ணிப் பார்த்தேன், இருபத்திமூணு தேதிக்கு எதிரில் "தட்டு தனி" இருக்கிறது. இருபத்திநாலாவது தேதியில் ஒரு பேர் எழுதியிருக்கிறார்கள். தட்டைத் தனியாக வைக்கச் சொன்னவர் பேர், முழுப் பேர். எழுதலாமா சார் என்று கேட்டார்கள். எழுதிட்டீங்களேம்மா என்றேன்.